வைஃபை எட்டாத அறைக்கு என்ன செய்யலாம்?

வைஃபை சரியில்லை, புது ரவுட்டர் எது வாங்கலாம் என்று கேட்பவர்களிடம் நான் முதலில் சொல்வது, இப்போதைக்கு எதுவும் வாங்காதீர்கள் என்பதுதான். கோளாறு எங்கே என்று தெரியாமல் செலவு செய்தால் காசுதான் வீண்.

லேப்டாப்பை ரவுட்டரோடு கேபிளில் இணைத்து வேகத்தைப் பாருங்கள். அதிலேயே மந்தம் என்றால் இணைப்பு கொடுத்தவரிடம்தான் பேச வேண்டும். கேபிளில் நன்றாக வருகிறதா? சரி, ஆண்ட்ராய்டு போனில் வைஃபை அனலைசர் செயலி ஒன்றைப் போட்டுக்கொண்டு, கதவுகளைச் சாத்திவிட்டு அறை அறையாக நடந்து பாருங்கள். சிக்னலின் வலுவை டிபிஎம் என்ற அளவில் காட்டும். மைனஸ் 50 என்றால் அருமை. மைனஸ் 67 வரை வீடியோ அழைப்புக்குத் தாங்கும். மைனஸ் 80-ஐ நெருங்கிவிட்டால் இணைப்பு இருப்பதுபோல் தெரியும், வேலை மட்டும் நடக்காது.

நான் பார்த்த வரையில் பாதிச் சிக்கல் ரவுட்டர் இருக்கும் இடத்தால் வருவது. கேபிள் நுழையும் மூலையிலேயே, டிவிக்குப் பின்னாலோ இரும்பு பீரோவுக்குப் பக்கத்திலோ வைத்துவிடுகிறார்கள். கம்பி கட்டிய கான்கிரீட், நிலைக்கண்ணாடி, மீன் தொட்டி எல்லாமே அலையை மறிக்கும். நடுவான இடத்தில், தலை உயரத்துக்கு மேல், திறந்தாற்போல் வையுங்கள். ஆன்டெனாவை சிக்னல் இல்லாத அறையை நோக்கிச் சாய்க்காதீர்கள். குச்சியின் நுனி காட்டும் திசையில்தான் அலை மிகக் குறைவு, பக்கவாட்டில்தான் நன்றாகப் பரவும். அதே தளத்துக்கு நட்டுக்குத்தாக நிறுத்துங்கள்; மாடிக்கும் வேண்டுமென்றால் ஒன்றை மட்டும் படுக்க வையுங்கள்.

அப்புறம் அலைவரிசை. 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் சுவர் தாண்டினால் சோர்ந்துவிடும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அதிக தூரம் போகும், ஆனால் அக்கம்பக்கத்து ரவுட்டர்களும் மைக்ரோவேவ் அடுப்பும் அதே இடத்தில்தான் இரைச்சல் போடுகின்றன. 2.4-இல் 1, 6, 11 ஆகிய சேனல்களில் (அலைவரிசைக்குள் இருக்கும் தனித்தனிப் பாதைகள்) நெரிசல் குறைந்த ஒன்றை எடுத்து, சேனலின் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸில் வையுங்கள்.

இவ்வளவுக்கும் மசியவில்லை என்றால்தான் புதுக் கருவி. ரிப்பீட்டரை, அதாவது ரவுட்டரின் சிக்னலை வாங்கி மறுபடி பரப்பும் கருவியை, சிக்னலே இல்லாத அறையில் மாட்டிப் பயனில்லை, அதற்கே நல்ல சிக்னல் கிடைக்கும் பாதி வழியில் மாட்ட வேண்டும். ஒரே அலைவரிசையில் வாங்கிக் கொடுப்பதால் வேகமும் ஏறக்குறைய பாதியாகும். என்னைக் கேட்டால், சுவரோரமாக ஒரு கேட் 6 நெட்வொர்க் கேபிளை ரவுட்டரிலிருந்து இழுத்து அதன் முனையில் ஒரு ஆக்சஸ் பாயின்ட் (கேபிளில் வருவதை வைஃபையாகப் பரப்பும் கருவி) மாட்டுவதுதான் நிரந்தரத் தீர்வு. 100 மீட்டர் வரை தாராளமாகப் போகும். மெஷ் (ஒரே நெட்வொர்க்காகச் சேர்ந்து இயங்கும் கருவிகள்) வாங்கினாலும் முடிந்தால் அவற்றைக் கேபிளிலேயே இணையுங்கள். ரவுட்டருக்கும் ஆக்சஸ் பாயின்ட்டுக்கும் ஒரே பெயர், ஒரே கடவுச்சொல், வேறு வேறு சேனல். அறை மாறிய பிறகும் போன் பழைய ரவுட்டரையே பிடித்துக்கொண்டிருந்தால், அந்த ரவுட்டரின் 2.4 கிகாஹெர்ட்ஸ் சிக்னல் சக்தியை ஒரு படி குறைத்துப் பாருங்கள்.