விட்டு விட்டு வரும் நெட்வொர்க்கில் ஆராய்ச்சி: டெல்டா மாணவர்கள் எங்கே தொடங்கலாம்?

தஞ்சை, திருவாரூர், நாகைப் பக்கம் கணினி அறிவியல் படித்துக்கொண்டு, வயர்லெஸ் துறையில் ஆராய்ச்சிக்குப் போக ஆசைப்படுகிறவர்களுக்காக எழுதுகிறேன். 6ஜி மாதிரி பெரிய ஆய்வகம் கேட்கும் தலைப்பை முதலில் பிடிக்காதீர்கள். தொடர்பு அறுந்து அறுந்து வரும் நெட்வொர்க்குகளுக்கென்றே ஒரு துறை இருக்கிறது, டிடிஎன் (டிலே டாலரன்ட் நெட்வொர்க்கிங், தாமதத்தைத் தாங்கும் நெட்வொர்க்) என்பார்கள், அதற்கு வேண்டிய பிரச்சினை நம் ஊரிலேயே இருக்கிறது. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்தபோது கம்பங்கள் சாய்ந்து, கரண்ட் போய், டவர்கள் செயலிழந்து, பக்கத்து ஊரில் இருக்கும் அக்கா குடும்பம் என்ன ஆனது என்றுகூடத் தெரியாமல் தவித்தவர்கள் எத்தனை பேர். சாலையில் விழுந்த மரங்களை வெட்டி அகற்றியதும் டூவீலரும் லாரியும் ஓட ஆரம்பித்துவிட்டன, போன்தான் வரவில்லை. ஓடுகிற அந்த வண்டியில் தகவலை ஏற்றி அனுப்ப முடியுமா என்பதுதான் இந்தத் துறையின் கேள்வி.

அடிப்படை எளிது. கடைமடை விவசாயி முறை வரும்போது தண்ணீரைக் குட்டையில் பிடித்து வைத்து அப்புறம் பாய்ச்சுகிற மாதிரி, ஒவ்வொரு கருவியும் செய்தியை வாங்கி வைத்திருந்து, இன்னொரு கருவி எதிர்ப்படும்போது கைமாற்றும்.

முதலில் கெவின் ஃபால் 2003இல் சிக்காம் என்ற கணினி நெட்வொர்க் மாநாட்டில் எழுதிய கட்டுரையைப் படியுங்கள். அடுத்து வாஹ்தத், பெக்கர் இருவரும் 2000இல் எழுதிய எபிடெமிக் ரவுட்டிங்: எதிர்ப்படும் எல்லோருக்கும் ஒரு நகல். பிறகு 2005இல் வந்த ஸ்ப்ரே அண்ட் வெயிட், அது நகல்களின் எண்ணிக்கைக்கு வரம்பு வைக்கிறது. நம் நாட்டுக் கிராமங்களில் பஸ்ஸில் வைஃபை பெட்டி வைத்துத் தகவலைச் சுமந்த டாக்நெட் பற்றியும் கட்டாயம் படியுங்கள். நெறிமுறை விவரம் வேண்டும்போது ஆர்எஃப்சி 9171 என்ற இணையத் தர ஆவணத்தைப் புரட்டினால் போதும்.

படிக்கும்போது ஒவ்வொரு கட்டுரையும் எதைச் சொல்லாமலே எடுத்துக்கொள்கிறது என்று பாருங்கள், உங்கள் தலைப்பு அங்கேதான் கிடைக்கும். பழைய கட்டுரைகள் பலவற்றில் ஆட்கள் ஒரு சதுரத்துக்குள் இஷ்டத்துக்குத் திரிவார்கள். நம் ஊரில் அப்படி யாரும் திரிய முடியாது. வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு, அவற்றிலிருந்து பிரியும் வாய்க்கால்கள் என்று நிலமெல்லாம் தண்ணீர் குறுக்கே ஓடுகிறது, அக்கரைக்குப் போக வேண்டுமென்றால் பாலத்துக்குத்தான் வந்தாக வேண்டும். அப்படியானால் பாலத்தடியில் ஒரு கருவியை நிறுத்தினால் எவ்வளவு செய்தி கூடுதலாகப் போய்ச் சேரும்? இது ஒரு நல்ல முதல் கேள்வி.

அதைக் கணினியிலேயே சோதிக்க ஒன் சிமுலேட்டர் என்ற மென்பொருள் இருக்கிறது, ஜாவாவில் எழுதியது, இலவசம். அதோடு வரும் வரைபடம் ஹெல்சின்கி நகரம். அதை எடுத்துவிட்டு ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பிலிருந்து மன்னார்குடி–திருத்துறைப்பூண்டி சாலைகளை இறக்கி, அது படிக்கும் டபிள்யூகேடி என்ற கோப்பு வடிவத்துக்கு மாற்றிப் போடுங்கள். தற்செயல் நகர்வுகளைத் தீர்மானிக்கும் சீட் (seed) எண்ணை மாற்றி மாற்றிப் பலமுறை ஓட்டுங்கள். ஒரே ஓட்டத்தில் எடுத்த கிராஃபை யாரும் நம்ப மாட்டார்கள்.

அப்புறம் நிஜ அளவீடு, அதாவது பஸ் நிற்கும்போது எவ்வளவு தகவல் கைமாறுகிறது என்று பார்ப்பது. வைஃபை உள்ள சின்னக் கணினி போர்டான இஎஸ்பி32 இரண்டு, எஸ்டி கார்டு, பவர்பேங்க் போதும். ஒன்றை பஸ் நிறுத்தத்துக் கடையிலும் இன்னொன்றை மினி பஸ்ஸிலும், உரிமையாளரிடம் அனுமதி வாங்கி வையுங்கள். பஸ் நிற்கும் நேரமே கொஞ்சம்தான், அதில் வைஃபை இணைவதற்கே சில விநாடிகள் போய்விடும், அதனால் இணைப்பு தேவைப்படாத, இஎஸ்பி போர்டுகளுக்கிடையே நேரடியாக அனுப்பும் இஎஸ்பி நவ் முறையைப் பயன்படுத்துங்கள். போர்டு தூங்கும்போது மின்சாரம் குறைவாக இழுப்பதால் பல பவர்பேங்குகள் தானாக அணைந்துவிடும், கடையில் வாங்கும்முன் அதைச் சோதித்துப் பாருங்கள். நேரம் பிசகாமல் இருக்க ஒரு ஆர்டிசி (கடிகார) சிப் சேருங்கள். பயணிகளின் போன்களை அடையாளம் காட்டும் மேக் முகவரிகளை மட்டும் எக்காரணத்துக்கும் பதிவு செய்யாதீர்கள்.

பிஎச்டி இடம் கேட்டுப் பேராசிரியருக்கு எழுதும்போது மதிப்பெண் பட்டியலை முன்னால் நீட்ட வேண்டாம். கேட் (GATE) தேர்வை எழுதிவிடுங்கள், உதவித்தொகைக்கு அது பல இடங்களில் தேவைப்படும். பேராசிரியரின் கட்டுரை ஒன்றை முழுதாகப் படித்து, அவருடைய முறை உங்கள் பஸ் தரவில் எங்கே இடறுகிறது என்று காட்டும் ஒரே ஒரு கிராஃபோடு, நாலு வரியில் மெயில் அனுப்புங்கள்.