அமைதியும் மோதலும் பற்றிய முதுநிலைப் படிப்பு: டர்பனில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமைதியும் மோதலும் பற்றி முதுநிலை படிக்க வருகிறவர்களிடம் நல்ல மனசுக்குப் பஞ்சமே இல்லை. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இந்திய வம்சாவளியினர் அதிகம் வாழும் சாட்ஸ்வர்த்திலும் ஃபீனிக்ஸிலும் தலைமுறை தலைமுறையாக இருக்கும் குடும்பத்துப் பிள்ளைகள் வருகிறார்கள். தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வருகிறார்கள். ஊர் உலகம் நன்றாக இருக்க வேண்டும் என்ற ஆசைதான் எல்லாரையும் இழுத்து வருகிறது. ஆனால் இந்தப் படிப்பின் மூலப்பொருள் மற்றவர்கள் பட்ட அடி. அதைத் தொடுவதற்கு ஒரு முறை இருக்கிறது. அதைக் கற்றுக்கொள்ளத்தான் வருகிறோம் என்பது மறந்துபோகும்போதுதான் பெரும்பாலான தவறுகள் நடக்கின்றன.

முதலில் காகித வேலையைச் சொல்லி முடித்துவிடுகிறேன். இங்கே மூன்று வருட பி.ஏ. முடித்ததும் நேராக மாஸ்டர்ஸில் சேர முடியாது. இடையில் ஹானர்ஸ் என்று ஒரு வருடப் படிப்பு உண்டு. தேசியத் தகுதி வரிசையில் அது 8ஆம் நிலை, மாஸ்டர்ஸ் 9ஆம் நிலை. வெளிநாட்டுப் பட்டம் வைத்திருப்பவர்கள் தென்னாப்பிரிக்கத் தகுதிகள் ஆணையத்தின் மதிப்பீட்டுச் சான்றிதழை முன்கூட்டியே வாங்கி வைத்துவிடுவது நல்லது. கல்வியாண்டு பிப்ரவரியில் தொடங்குகிறது. நம் ஊர் வழக்கப்படி ஜூன், ஜூலையில் கல்லூரி திறக்கும் என்று நினைத்து மே மாதம் விசாரிக்கத் தொடங்கினால் அந்த வருடம் போய்விட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். மாணவர் விசாவுக்கு இந்த நாட்டில் பதிவான மெடிக்கல் எய்ட், அதாவது மருத்துவச் செலவுத் திட்டம், வேண்டும். பயணக் காப்பீட்டைக் காட்டிச் சமாளிக்கப் பார்க்காதீர்கள்.

அப்புறம், எந்த வகை மாஸ்டர்ஸ் என்று பார்க்காமல் சேர்வது. பாடங்களும் ஆய்வேடும் கலந்தது ஒரு வகை; முழுக்க ஆய்வேடு மட்டும் என்பது இன்னொரு வகை. இரண்டாவதில் வகுப்பு, கால அட்டவணை என்று பெரிதாக எதுவும் இருக்காது. நீங்களும் உங்கள் நெறியாளரும்தான். குவாசூலு நட்டால் பல்கலைக்கழகத்தில் மோதல் மாற்றமும் அமைதியியலும் என்றே ஒரு துறைப்பிரிவு உண்டு. டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் செயல்வழி ஆய்வுக்கு அழுத்தம் அதிகம்: ஒரு சிக்கலை ஆராய்வதோடு நிற்காமல், அங்குள்ளவர்களோடு சேர்ந்து ஒரு சிறு முயற்சியைச் செய்து பார்த்து, என்ன நடந்தது என்று எழுதவேண்டும். நூலகத்தில் உட்கார்ந்து படிப்பதில் சுகம் காண்பவருக்கு இது ஒத்துவராது. விண்ணப்பிக்கும் முன் நெறியாளராக வரக்கூடியவர் எழுதிய இரண்டு கட்டுரைகளையாவது படித்துவிட்டு அவருக்கு எழுதுங்கள்.

வீட்டில் பெரியவர்கள் "இதைப் படித்து என்ன வேலைக்குப் போவே?" என்று கேட்பார்கள். அதில் நியாயம் இருக்கிறது. இந்தத் துறையில் பெயர் வாங்கிய பலர் கையில் வேறொரு திறமையும் இருந்தது. டர்பனில் பிறந்த நவி பிள்ளை, ஐ.நா. மனித உரிமை ஆணையர் ஆவதற்கு எத்தனையோ ஆண்டுகள் முன்பே வழக்கறிஞர். ஆப்பிரிக்காவில் மோதல்களைத் தீர்க்க உழைக்கும் அக்கார்ட் அமைப்பை 1992இல் தொடங்கிய வாசு கவுண்டனும் சட்டம் படித்தவர்தான். சட்டமோ, புள்ளியியலோ, ஒரு ஆப்பிரிக்க மொழியோ, ஏதாவது ஒன்றைக் கூடவே கைவசமாக்கிக்கொள்ளாமல் பட்டத்தை மட்டும் நம்புவது சரியில்லை.

சரி, படிப்புக்குள் வருவோம். அமைதியியலின் முன்னோடியான யோஹான் கால்டுங் 1969இல் எழுதிய கட்டுரையை எல்லாரும் முதல் மாதமே படிப்பார்கள். அடிதடி இல்லாத நிலை மட்டும் எதிர்மறை அமைதி, நீதியும் சேர்ந்தால் நேர்மறை அமைதி, ஒரு அமைப்பே மனிதரை நசுக்கினால் அது கட்டமைப்பு வன்முறை. இந்த மூன்றையும் மனப்பாடம் செய்து முதல் அத்தியாயத்தில் ஒட்டிவிட்டு, கடைசி அத்தியாயம் வரை திரும்பிப் பார்க்காமல் விட்டுவிடுகிறார்கள். நம் வீட்டு வரலாற்றிலேயே அதை வைத்துப் பார்க்கலாம். டர்பனின் மேகசின் பாரக்ஸ் குடியிருப்பில் நகராட்சித் தொழிலாளர்களாக இருந்த தமிழ், தெலுங்குக் குடும்பங்களை 1960களில் அங்கிருந்து கிளப்பி சாட்ஸ்வர்த்துக்கு அனுப்பினார்கள். எந்த இனத்தார் எங்கே வசிக்கலாம் என்று பிரித்த 1950ஆம் ஆண்டின் குழுப் பகுதிச் சட்டம், டர்பனின் கேட்டோ மேனர் பகுதியிலும் வீடுகளைக் காலி செய்ய வைத்தது. அங்கிருந்த ஆப்பிரிக்கக் குடும்பங்கள் கறுப்பினத்தவருக்கென ஒதுக்கிய குவாமாஷுவுக்குப் போயின. ஆளுக்கொரு திசை. கையில் ஒரு நோட்டீஸ், வாசலில் ஒரு லாரி, அவ்வளவுதான். கூட்டுக் குடும்பம் பிரிந்தது, கோயில் தூரமானது, வேலைக்குப் போக இரண்டு பஸ் மாற வேண்டியதாயிற்று. இதை விவரிக்கத் தெரிந்தவருக்குக் கால்டுங் புரிந்துவிட்டார் என்று அர்த்தம்.

இலங்கையிலிருந்து வரும் பிள்ளைகள் பெரும்பாலும் எடுக்கும் தலைப்பு: நிறவெறி ஆட்சிக் காலக் கொடுமைகளை விசாரித்த தென்னாப்பிரிக்காவின் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவை நம் நாட்டில் எப்படிச் செயல்படுத்துவது. அதன் பின்னால் இருக்கும் வேதனை எனக்குப் புரிகிறது. ஆனால் இந்தத் தலைப்பில் இரண்டு குழிகள் இருக்கின்றன. முதலாவது, அந்த ஆணைக்குழு பிறந்த சூழல். இங்கே எந்தத் தரப்பும் போரில் முழுதாக வெல்லவில்லை. பேச்சுவார்த்தையில் ஆட்சி மாறியது. அரசியல் காரணத்துக்காகக் குற்றம் செய்தவர்களுக்குப் பொதுமன்னிப்பு என்பது அந்தப் பேரத்தின் ஒரு பகுதி. இலங்கையில் 2009இல் ஒரு தரப்பின் வெற்றியோடு போர் முடிந்தது. வென்றவருக்கு உண்மையைச் சொல்ல என்ன நெருக்கடி இருக்கிறது என்ற கேள்விக்குப் பதில் இல்லாமல் ஒப்பீடு நிற்காது.

இரண்டாவது, ஆணைக்குழுவை அதன் தலைவர் பேராயர் டெஸ்மண்ட் டுட்டுவின் கண்ணீரோடு மட்டும் நினைவில் வைத்திருப்பது. 1996 ஏப்ரலில் தென்னாப்பிரிக்காவின் ஈஸ்ட் லண்டன் நகரில் விசாரணை தொடங்கியது. அதே ஆண்டு, போலீஸ் காவலில் இறந்த போராளி ஸ்டீவ் பிக்கோவின் குடும்பமும் மற்றவர்களும் அரசியல் சாசன நீதிமன்றத்துக்குப் போய், கொன்றவர்களுக்கு மன்னிப்பு வழங்கி எங்கள் வழக்குரிமையைப் பறிக்காதீர்கள் என்று வாதாடித் தோற்றார்கள். பொதுமன்னிப்பு கேட்டு வந்த 7,112 மனுக்களில் 849 மட்டுமே ஏற்கப்பட்டன. பாதிக்கப்பட்டவர்களுக்கு 2003இல் அரசு அறிவித்த தொகை ஒரே தடவையாகத் தலைக்கு 30,000 ராண்ட். மன்னிப்பு கிடைக்காதவர்களில் மிகப் பெரும்பாலோர் மீது வழக்கே நடக்கவில்லை. இதையெல்லாம் படித்துவிட்டுத்தான் மாதிரி என்று சொல்லலாமா என யோசிக்க வேண்டும். அந்த ஆணைக்குழுவில் இருந்த யாஸ்மின் சூக்காதான் பிறகு இலங்கை பற்றிய ஐ.நா. நிபுணர் குழு மூவரில் ஒருவராக இருந்து 2011இல் அறிக்கை தந்தார். முழு நாட்டையும் ஒப்பிடுவதைவிட, ஆணைக்குழுவில் இருந்து அந்தக் குழுவுக்கு எந்தக் கருத்துகள் பயணித்தன என்று பார்ப்பது ஒரு மாஸ்டர்ஸ் ஆய்வேடு தாங்கக்கூடிய அளவு.

டர்பன் பிள்ளைகள் தடுக்கி விழும் இடம் வேறு. கடைகள் சூறையாடப்பட்ட 2021 ஜூலைக் கலவரத்தில் குவாசூலு நட்டால், கௌட்டெங் மாகாணங்களில் 350க்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஃபீனிக்ஸ் பகுதியில் மட்டும் 36 பேர் கொல்லப்பட்டதாகக் காவல்துறை அமைச்சர் சொன்னார். அவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். இதைப் பற்றி எழுத ஃபீனிக்ஸ் பிள்ளைக்கு உரிமை இருக்கிறது, அவசியமும் இருக்கிறது. ஆனால் நேர்காணலுக்குத் தன் தெருவையும் மாமா வீட்டையும் மட்டும் சுற்றிவந்தால், கிடைப்பது பயந்து போய்ச் சாலையை மறித்தவர்களின் கதை மட்டும்தான். அந்தப் பயம் உண்மை. அதைப் போலவே, பக்கத்தில் கறுப்பினத்தவர் வாழும் பம்பாயியிலிருந்தும் அமாவோட்டியிலிருந்தும் கிளம்பி அந்தத் தடுப்புகளில் மாட்டி வீடு திரும்பாதவர்களின் தாய்மார்கள் சொல்வதும் உண்மை. அவர்களிடம் போக ஜூலு தெரிய வேண்டும், அல்லது நம்பகமான மொழிபெயர்ப்பாளருக்குப் பணம் ஒதுக்க வேண்டும். ஆய்வு முன்மொழிவில் அந்தச் செலவுக்கு ஒரு வரிகூட இல்லையென்றால், அந்தப் பக்கம் போகும் எண்ணமே இல்லை என்றுதான் படிக்கிறவர் எடுத்துக்கொள்வார். டர்பனில் ஆப்பிரிக்கருக்கும் இந்தியருக்கும் இடையே நடந்த 1949 ஜனவரிக் கலவரத்துக்கும் இதே நிலைதான். இறந்த 142 பேரில் 87 பேர் ஆப்பிரிக்கர், 50 பேர் இந்தியர். நம் வீடுகளில் சொல்லப்படும் கதையில் அந்த 87 பேர் வருவதே இல்லை.

இனி களத்துக்கு வருவோம். இங்கே செய்கிற தவறுக்கு விலை கொடுப்பவர் நீங்கள் இல்லை, உங்களை நம்பிப் பேசியவர். ஆய்வு நெறிமுறைக் குழுவின் அனுமதி வரும் முன் ஒரு நேர்காணல்கூட எடுக்கக் கூடாது. எடுத்தால் அதைப் பயன்படுத்த முடியாது. அனுமதிக்கு மாதக்கணக்கில் ஆகலாம். பள்ளி, கோயில், கிராமத் தலைவர் என்று யார் பொறுப்பில் உள்ள இடமோ அவரிடமிருந்து கடிதமும் கேட்பார்கள்.

ஆனால் அனுமதிக் கடிதம் வந்துவிட்டால் எல்லாம் சரி என்பதும் தவறு. எண்பது வயது ஆயா ஒருவர் சமையலறை மேசைக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறார். டீ கோப்பைக்குப் பக்கத்தில் ரெக்கார்டர். நான்கு பக்க ஆங்கிலப் படிவத்தை நீட்டுகிறீர்கள். "எங்கே கண்ணு கையெழுத்து போடணும்?" என்கிறார். பென்ஷன் ஆபீசில் போட்டுப் பழகிய கை, உடனே போட்டுவிடுகிறது. சட்டப்படி ஒப்புதல் கிடைத்துவிட்டது. ஆயாவுக்கு எதற்கு ஒப்புக்கொண்டோம் என்று தெரியாது. படிவத்தை மூடி வையுங்கள். யார் கேட்கப்போகிறார்கள், எங்கே அச்சாகும், எந்தத் தேதி வரை "வேண்டாம்" என்று சொல்லலாம் என்பதைத் தமிழிலேயே சொல்லுங்கள். ரெக்கார்டரை அணைக்கும் பொத்தானை அவர் கையிலேயே கொடுங்கள். முதல் கேள்வியாகக் கலவரத்தைக் கேட்காதீர்கள். அந்தத் தெருவில் யார் யார் இருந்தார்கள் என்று தொடங்குங்கள். கிளம்பும்போது அன்று இரவு அவரோடு வீட்டில் யார் இருப்பார்கள் என்று விசாரித்துவிட்டுப் போங்கள்.

இன்னொன்று, இதை யாரும் போதிய அளவு எச்சரிப்பதில்லை. "நீங்கள் சொல்வது நமக்குள் மட்டும் இருக்கும்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். வழக்கறிஞருக்குத் தன் கட்சிக்காரரோடு உள்ள பாதுகாப்பு ஆய்வாளருக்குக் கிடையாது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 205ஆம் பிரிவின்கீழ், தகவல் தெரிந்தவர் என்று கருதப்படுபவரை நீதிபதி முன் அழைத்து விசாரிக்க முடியும். 2021இல் என்ன செய்தேன் என்று ஒருவர் ஒலிப்பதிவில் சொல்லிவிட்டால், அந்தக் கோப்பு அவருக்கு எதிரான சாட்சியாகலாம். யாருடைய பெயரையும், நடந்த இடத்தையும், தனிப்பட்ட குற்றத்தையும் சொல்ல வேண்டாம் என்று பேச்சைத் தொடங்கும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

நேர்காணலே தேவையா என்பதையும் யோசியுங்கள். உண்மை ஆணைக்குழுவின் அறிக்கை மட்டும் ஏழு தொகுதிகள். விசாரணைப் பதிவுகள் பொதுவெளியில் கிடைக்கின்றன. குவாசூலு நட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தில் காந்தி லுதுலி ஆவண மையம் இருக்கிறது, நகரில் கில்லி கேம்ப்பெல் நூலகம் இருக்கிறது. ஒரு முறை சொல்லிவிட்ட வேதனையை இன்னொரு முறை சொல்லச் சொல்லும் முன், அங்கே போய் ஒரு மாதம் உட்காருங்கள். உங்கள் கேள்விகளில் பாதிக்கு அங்கேயே பதில் கிடைக்கலாம்.