குழாய் இருக்கிறது என்று வாயை மறந்துவிடாதீர்கள்

மனைவியின் மறுபரிசோதனைக்காகச் சென்ற வாரம் மருத்துவமனைக்குப் போயிருந்தேன். கதிர்வீச்சுப் பிரிவின் காத்திருப்புக் கூடத்தில் ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவர் மனைவிக்கும் வாய்ப் புற்றுநோய். அன்றுதான் கடைசிக் கதிர்வீச்சு. "இனி ஒரு மாதம் அவள் வாயைத் தொந்தரவு செய்யப்போவதில்லை. சாப்பாடு எல்லாவற்றையும் குழாய் வழியாகவே கொடுத்துவிடுவேன்" என்றார். எனக்குப் பதறிவிட்டது. இதே வார்த்தைகளை இதே கூடத்தில் நானும் சொல்லியிருக்கிறேன்.

காரம், கொதிக்கும் சூடு, புகையிலை, மது ஆகியவை கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். அவற்றைப் பற்றி இங்கே பேசவில்லை. நோயாளியைப் பார்த்துக்கொள்பவர்கள் செய்யக் கூடாத மற்ற தவறுகளைச் சொல்கிறேன்.

கடைசி நாளோடு கஷ்டம் தீர்ந்தது என்று நினைப்பது

சிகிச்சை பெரும்பாலும் வாரத்துக்கு 5 நாள் வீதம் 6 அல்லது 7 வாரம் நடக்கும். கதிர் நின்றாலும் அதன் வேலை உடனே நிற்பதில்லை. முடிந்த பிறகு வரும் ஓரிரு வாரங்களில்தான் வாய்ப்புண் உச்சத்துக்குப் போகிறது. நான் இது தெரியாமல் கடைசி நாளோடு விடுப்பை முடித்துக்கொண்டு வேலைக்குத் திரும்பினேன். அவளுக்கு நான் மிகவும் தேவைப்பட்ட நாட்களில் வீட்டில் இல்லை. விடுப்பில் கொஞ்சமாவது அந்த வாரங்களுக்கு மிச்சம் வையுங்கள்.

குழாய் வந்ததும் வாயை மூடிவிடுவது

இதைப் பற்றித்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். ஆண்டுகள் ஆகியும் எனக்கு ஆறவில்லை.

நான்காவது வாரத்தில் அவளால் எதையும் விழுங்க முடியாமல் போனது. மூக்கு வழியாகக் குழாய் போட்டார்கள். அது தேவையான முடிவு; எடை இறங்குவது நின்றது. சிரிஞ்சில் திரவ உணவை மெதுவாக இறக்கவும், முடிந்ததும் தண்ணீர் விட்டுக் குழாயைக் கழுவவும் கற்றுக்கொண்டேன். வேளை தவறாமல் செய்தேன். அதோடு என் கடமை முடிந்தது என்று நம்பினேன். புண் ஆறட்டும், தொண்டைக்கு ஓய்வு கிடைக்கட்டும் என்று 5 வாரம் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வாய் வழியாகக் கொடுக்கவில்லை.

புண் ஆறியது. ஒரு காலையில் அரை ஸ்பூன் தண்ணீரை அவள் நாக்கில் விட்டேன். அதை வாயிலேயே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். விழுங்க முயன்றாள், கழுத்து அசைந்தது, தண்ணீர் இறங்கவில்லை. பிறகு வந்த இருமலில் முகம் சிவந்து கண்ணில் நீர் கொட்டியது. பக்கத்திலிருந்த தாளை இழுத்து "எப்படி விழுங்குவது என்று மறந்துவிட்டது" என்று எழுதினாள்.

விழுங்கு பயிற்சி நிபுணரிடம் போன பிறகுதான் புரிந்தது. விழுங்குவதும் தசைகளின் வேலைதான். பயன்படுத்தாத தசை மெலிந்துவிடும். கதிர் பட்ட திசுவோ மாதக்கணக்கில் இறுகிக்கொண்டே போகும். இரண்டும் சேர்ந்தால் இழந்ததை மீட்பது மிகக் கடினம். அவள் மேசையில் உட்கார்ந்து எங்களோடு சாப்பிட 8 மாதம் ஆனது. சிகிச்சை தொடங்கும்போதே அந்த நிபுணரைப் பார்த்துப் பயிற்சிகளை ஆரம்பித்திருந்தால் அந்த மாதங்களில் பலவற்றை மிச்சப்படுத்தியிருக்கலாம். யாரும் எனக்குச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நீங்கள் கேளுங்கள்.

குழாய் இருந்தாலும், நிபுணர் பாதுகாப்பானது என்று சொன்ன பதத்தில், சொன்ன அளவில், தினமும் வாய் வழியாக விழுங்க வையுங்கள். நாலு மிடறு என்றாலும் சரி. மருத்துவர் கொடுத்த வலி மருந்தைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பே கொடுத்துவிட்டால் அந்த நாலு மிடறு சாத்தியமாகும். ஆனால் நீங்களாகத் துணிய வேண்டாம். தண்ணீரைப் போல மெல்லிய திரவம் சிலருக்குக் கூழைவிட ஆபத்தானது. விழுங்கும்போது இருமல், விழுங்கியபின் குரலில் களகளப்பு, காரணம் தெரியாத காய்ச்சல் ஆகியவை தெரிந்தால் உணவு மூச்சுக்குழாய்க்குள் போகிறது என்று சந்தேகித்து, உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். இருமலே இல்லாமலும் அப்படிப் போவதுண்டு.

தாடையும் இப்படித்தான் இறுகும். நோயாளியின் மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி முன்பற்களுக்கு இடையே நுழைக்க முடிகிறதா என்று வாரம் ஒருமுறை பாருங்கள். திறப்பு 35 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் தாடை இறுகிவிட்டது என்று பொருள். அதுவரை காத்திருக்க வேண்டாம். குறையத் தொடங்கியதுமே தாடைப் பயிற்சி கேளுங்கள்.

டம்ளர் கணக்குப் பார்ப்பது

குழாய் போடுவதற்கு முன்பு, நாளுக்கு 6 டம்ளர் தெளிந்த சூப் குடிக்கிறாள் என்று மகிழ்ந்தேன். எடை இறங்கிக்கொண்டே போனது. வயிற்றை நிரப்பியது வெறும் தண்ணீர்தான். உடல் எடையில் கிலோவுக்குச் சுமார் 30 கலோரியும் 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதமும் ஒரு நாளைக்கு வேண்டும். 60 கிலோ எடை என்றால் 1,800 கலோரி, 72 முதல் 90 கிராம் புரதம். ஒரு முட்டையில் கிடைப்பது 6 கிராம்தான். எனவே ஒவ்வொரு வாய்க்கும் சத்து ஏற்றுங்கள்: சூப்பில் வெண்ணெய், பாலில் பால் பவுடர், மசித்த உணவில் முட்டை. சர்க்கரை நோயோ சிறுநீரகக் கோளாறோ இருந்தால் இந்தக் கணக்கு மாறும். உணவியல் நிபுணரைக் கேட்டுவிடுங்கள். வாரம் ஒருமுறை ஒரே நேரத்தில் எடை பார்த்துக் குறித்து வையுங்கள். ஒரு மாதத்தில் 5 சதவீதம் குறைந்தால் அடுத்த சந்திப்பு வரை பொறுக்காதீர்கள்.

"இன்னும் ஒரு வாய்" என்று கெஞ்சுவது

வேண்டாம். சுவை திரும்பப் பல மாதங்கள் ஆகும்; உமிழ்நீர் சிலருக்கு முழுதாகத் திரும்புவதே இல்லை. முகம் சுளிப்பது உங்கள் சமையலைப் பார்த்து அல்ல.

ஆல்கஹால் கலந்த வாய் கொப்பளிப்பு மருந்து

வெந்த வாயில் அது எரியும், வறட்சியைக் கூட்டும். ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் உப்பு, ஒரு டீஸ்பூன் சமையல் சோடா போதும்.

பல்லைப் பிடுங்குவது

கதிர்வீச்சு நிபுணரைக் கேட்காமல் ஒருபோதும் கூடாது. எத்தனை ஆண்டு ஆனாலும். கதிர் பட்ட தாடை எலும்பு ஆறாமல் செத்துப்போகலாம்.

தீராத சோர்வை மனக்கவலை என்று விட்டுவிடுவது

கழுத்தில் கதிர் பட்டிருந்தால் தைராய்டு சுரப்பு குறையக்கூடும். 6 முதல் 12 மாதத்துக்கு ஒருமுறை இரத்தப் பரிசோதனை கேளுங்கள். என் மனைவிக்கு அப்படித்தான் கண்டுபிடித்தார்கள். இப்போது தினமும் ஒரு மாத்திரை சாப்பிடுகிறாள்.