பரணில் கிடக்கும் பழைய டிஜிட்டல் கேமராவை மறுபடி ஓடவைப்பது எப்படி?

போன மாதம் பரணைச் சுத்தம் செய்யும்போது, ஒரு மஞ்சப்பைக்குள் என் பழைய கேனான் பவர்ஷாட் ஏ570 ஐஎஸ் அகப்பட்டது. 2007-ல் தீபாவளி போனஸில் வாங்கியது. 7.1 மெகாபிக்சல், 4 மடங்கு ஜூம், கை ஆட்டத்தைச் சமாளிக்கும் வசதி. அந்த நாளில் எங்கள் தெருவில் வளைகாப்பு, காதுகுத்து எது நடந்தாலும் "தம்பி, அந்தக் கேமராவையும் எடுத்துட்டு வாப்பா" என்பார்கள். என்னைக் கூப்பிட்டார்களா, கேமராவைக் கூப்பிட்டார்களா என்று இன்றுவரை தெரியாது.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒன்று தூங்கிக்கொண்டிருக்கும். எழுப்பிப் பார்க்கலாம். நான் சொல்வது இந்த மாடலை வைத்து. மற்ற கேமராக்களில் பட்டன்கள் இடம் மாறியிருக்கும், வேலை பெரும்பாலும் ஒன்றுதான்.

முதல் வேலை: பேட்டரி அறையைத் திறங்கள்

உடனே ஆன் பண்ணிப் பார்க்கக் கை துறுதுறுக்கும். வேண்டாம். இந்தக் கேமராவுக்கு 2 ஏஏ செல் போதும், சுவர்க்கடிகாரத்தில் போடுகிறோமே, அதே பென்சில் செல். பழைய செல்லை எடுக்காமல் விட்டிருந்தால் கசிந்திருக்கும். எனக்கு அதுதான் நடந்தது. தகட்டின் மேல் வெள்ளையாக, ஓரத்தில் பச்சையாகப் பூத்திருந்தது.

ஆல்கலைன் செல்லில் இருந்து கசிவது காரம், அதாவது அமிலத்துக்கு எதிரான வகை. அதனால் புளிப்புதான் அதற்கு மருந்து. காது குடையும் பஞ்சுக்குச்சியில் ஒரே ஒரு சொட்டு வினிகர் அல்லது எலுமிச்சைச் சாறு தொட்டுத் துடையுங்கள். லேசாக நுரைத்துக் கரையும். பிறகு ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட வேறொரு குச்சியால் அந்தப் புளிப்பையும் துடைத்து எடுத்துவிட்டு, அரை நாள் காயவிடுங்கள். கசிந்ததை வெறும் விரலால் தொடாதீர்கள், தோல் எரியும்.

இன்னொன்று. ஸ்க்ரூவைக் கழற்றி உள்ளே பார்க்கலாம் என்ற ஆசை வந்தால் அதை அங்கேயே அடக்குங்கள். ஃப்ளாஷுக்கான கெபாசிட்டரில் சுமார் 300 வோல்ட் தேங்கியிருக்கும். செல்லைக் கழற்றிய பிறகும் அது அடிக்கும்.

எந்தச் செல் போடுவது?

கடையில் கிடைக்கும் சாதா செல்லைப் போட்டால் நாலு படம் எடுப்பதற்குள் பேட்டரி தீர்ந்தது என்று கேமரா அழும். "கேமரா போச்சு" என்று பலர் தூக்கிப் போட்டதே இதனால்தான். லென்ஸை நீட்டவும் ஃப்ளாஷுக்குச் சார்ஜ் ஏற்றவும் ஒரே மூச்சில் நிறைய மின்சாரம் வேண்டும். சாதா செல்லால் அந்த வேகத்தில் கொடுக்க முடியாது, வோல்டேஜ் சரிந்துவிடும். ரீசார்ஜ் செய்யக்கூடிய நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல் வாங்குங்கள். அதன் மேல் 1.2 வோல்ட் என்றுதான் போட்டிருக்கும், 1.5 இல்லையே என்று பயப்படாதீர்கள். அது சரியாமல் நிற்கும்.

ஆன் ஆனதும் கேமரா தேதி கேட்கும். தயவுசெய்து போடுங்கள். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

கார்டு

முதலில் பழைய கார்டில் இருப்பதை எல்லாம் கம்ப்யூட்டருக்கு மாற்றுங்கள். கேமராவிலிருந்து வயர் போடுவதைவிடக் கார்டு ரீடர் நல்லது, பாதி வழியில் செல் தீராது. என் கார்டில் 214 படங்கள் இருந்தன. அதில் அப்பா எடுத்தவை மட்டும் தனியாகத் தெரிந்தன. ஒவ்வொன்றிலும் வலது மேல்மூலையில் அவர் விரல். அன்றைக்கு எத்தனை தடவை கத்தியிருப்பேன்! வேலையை விட்டுவிட்டு ஒரு மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சரி, புது கார்டு. 4 ஜிபி முதல் 32 ஜிபி வரையிலான எஸ்டிஎச்சி கார்டை ஏ570 ஏற்கும். 64 ஜிபி வேண்டாம், அது வேறு வகை. 2005 வாக்கில் வந்த கேமரா என்றால் 2 ஜிபி அல்லது அதற்குக் கீழே உள்ள பழைய எஸ்டி கார்டுதான் நம்பிக்கை. எதுவானாலும் கேமராவுக்குள் வைத்தே ஃபார்மட் செய்யுங்கள்.

இனி படம்

செல்போனில் தொட்டவுடன் படம் விழுந்து பழகிய விரலுக்கு இங்கே கொஞ்சம் பொறுமை சொல்லித்தர வேண்டும். ஷட்டரை, அதாவது படமெடுக்கும் பட்டனை, பாதி அழுத்துங்கள். திரையில் பச்சைக் கட்டம் வந்து 'பீப்' என்றதும், அழுத்திய விரலை எடுக்காமல் முழுசாக அழுத்துங்கள். ஒரே அழுத்தாக அழுத்தினால் குழந்தை சிரித்து முடித்த பிறகுதான் படம் விழும்.

டயலை 'பி'-யில் வையுங்கள், வெளிச்சக் கணக்கைக் கேமராவே பார்த்துக்கொள்ளும், மற்றதை நாம் மாற்றலாம். ஐஎஸ்ஓ, அதாவது வெளிச்சத்தைக் கேமரா எவ்வளவு கூர்மையாக உணர வேண்டும் என்ற எண், 80 அல்லது 100. வெளிச்சம் குறைந்தால் 400 வரை போகலாம், அதற்கு மேல் மணல் தூவியது போல் இருக்கும். உச்சி வெயிலில் வெள்ளை வேட்டி, சுண்ணாம்புச் சுவர் எல்லாம் வெளிறிப்போகும். எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்ச அளவை, -1/3 என்று வைத்தால் தப்பிக்கும். சூரியன் பக்கம் திருப்பும்போது திரையில் மேலிருந்து கீழாக ஒரு கோடு ஓடினால் பதறாதீர்கள். படத்தைப் பிடிக்கும் சிசிடி என்ற வகை சென்சாரின் குணம் அது.

வெயிலில் திரையே தெரியாது. அப்போது மேலே இருக்கும் கண்ணாடித் துவாரத்தில் கண்ணை வையுங்கள். திரையை அணைத்துவிட்டால் செல்லும் மிச்சம். ஆனால் துவாரத்தில் தெரிவதைவிடப் படத்தில் கூடுதலாக விழும். லென்ஸை மறைக்கும் விரல் அதில் தெரியவே தெரியாது. அப்பா திரையை நம்பாதவர், கடைசிவரை துவாரத்தில்தான் பார்த்தார். இது எனக்கு இப்போதுதான் உறைத்தது.

பழைய கேமராவில் எடுத்தால் படம் தனி அழகு என்று இப்போது ஒரு பேச்சு ஓடுகிறது. எனக்கு அதில் பாதிதான் நம்பிக்கை. இருட்டில் என் செல்போன் இதைவிட நன்றாகவே எடுக்கிறது. காலை வெயிலில் மட்டும் இந்தக் கேமரா காட்டும் தோல் நிறம் எனக்குப் பிடித்திருக்கிறது.

அப்புறம் அந்தத் தேதி. பரணிலிருந்து எடுத்த அவசரத்தில் நான் அதைத் தாண்டிவிட்டேன். முதல் நாள் எடுத்த படங்களைக் கம்ப்யூட்டரில் போட்டால், 2016-ல் பிறந்த என் மகள், அப்பா எடுத்த படங்களுக்கும் முன்னால் போய் நிற்கிறாள். பேட்டரி அறைக்குப் பக்கத்தில் பொத்தான் அளவில் ஒரு குட்டி பேட்டரி இருக்கும், தேதியை நினைவில் வைப்பது அதுதான். பழையதை எடுத்து, அதில் பொறித்திருக்கும் எண்ணைக் கடையில் காட்டி வாங்கிப் போடுங்கள்.