வீட்டு இணையத்திற்கு வடிகட்டி அமைப்பது எப்படி?

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 2005ஆம் ஆண்டு இயற்றப்பட்ட சட்டத்தின்படி, வாடிக்கையாளர் கேட்டால் சிறாருக்குத் தகாத தளங்களை வடிகட்டித் தருவது இணைய நிறுவனத்தின் கடமையாகும். நம் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவோ, குறிப்பிட்ட காரணங்களுக்காகத் தளங்களை முடக்க ஆணையிடும் அதிகாரத்தை மத்திய அரசுக்கு வழங்குகிறதே தவிர, வீட்டுக்கு வீடு வடிகட்டி தருவதைப் பற்றிப் பேசவில்லை. எனவே காட்பாடியிலோ குடியாத்தத்திலோ பிள்ளைகளை வளர்ப்போர் இவ்வேலையைத் தாமே செய்துகொள்வது நல்லது.

ரூட்டரைத் திருப்பினால், அடியில் ஒட்டியுள்ள சீட்டில் அதன் முகவரியும் (பெரும்பாலும் 192.168.1.1) கடவுச்சொல்லும் இருக்கும். இணைப்பு கொடுத்தவர் கடவுச்சொல்லை மாற்றியிருந்தால், தயங்காமல் கேட்டு வாங்குங்கள். கட்டணம் செலுத்துபவர் நீங்கள்தான். உலாவி வழியே உள்ளே சென்று, டிஎன்எஸ் (தளத்தின் பெயருக்குரிய எண் முகவரியைத் தேடித்தரும் சேவை) பகுதியில் இருக்கும் பழைய எண்களைத் தாளில் குறித்துக்கொண்டு, 1.1.1.3, 1.0.0.3 என்று மாற்றிச் சேமியுங்கள். கிளவுட்ஃபிளேர் நிறுவனம் 2020 முதல் இலவசமாக வழங்கும் இச்சேவை, ஆபாசத் தளங்களின் உண்மையான முகவரியைத் தராமல் தடுத்துவிடுகிறது.

கைப்பேசியின் சிம் டேட்டாவுக்கு இத்தடுப்பு பொருந்தாது. இணையப் போக்குவரத்தை வேறொரு கணினி வழியே மறைத்து அனுப்பும் விபிஎன் செயலியும் இதைத் தாண்டிவிடும். ஆதலால் ஏன் இதைச் செய்கிறோம் என்று பிள்ளையிடம் உட்கார்ந்து பேசிவிடுங்கள், மறைத்துச் செய்வது எனக்குச் சரியாகப் படவில்லை. தேவையான மருத்துவத் தளம் ஏதேனும் தவறுதலாக முடங்கினால், குறித்துவைத்த பழைய எண்களை அப்போதைக்கு மீண்டும் இடலாம்.