பின்வீட்டுக்கும் வைஃபை: பழைய ரவுட்டரும் ஒரு கேபிளும்

முன்வீட்டு விறாந்தையில் ஃபைபர் ரவுட்டர் இருக்கும். கிணற்றடிக்கு அங்கால் கட்டிய அறையில் சிக்னல் ஒரு கோடுதான். யாழ்ப்பாணத்துப் பழைய வீடுகளின் தடித்த கல்சுவர்களில் 2.4 கிகாஹேர்ட்ஸ் அலையே களைத்துப்போகும். 5 கிகாஹேர்ட்ஸைக் கேட்கவே வேண்டாம். கடையில் ரிப்பீட்டரைத்தான் முதலில் நீட்டுவார்கள். வாங்காதீர்கள். மலிவான ரிப்பீட்டர் ஒரே அலைவரிசையில் வாங்கி, அதிலேயே திருப்பி அனுப்புவதால் வேகம் ஏறத்தாழ பாதியாகும். அலுமாரிக்குள் கிடக்கும் பழைய ரவுட்டரும் ஒரு கேபிளும் இருந்தால் வேலை முடிந்தது. ஐபி (வலையில் ஒவ்வொரு கருவிக்கும் உள்ள எண் முகவரி), டிஎச்சிபி, கேட்வே எல்லாம் இந்த வேலையிலேயே கைக்கு வந்துவிடும்.

பழைய ஏடிஎஸ்எல் ரவுட்டர் என்றாலும் பரவாயில்லை, தொலைபேசி வயர் குத்தும் துளையை வெறுமையாக விடுங்கள். பெரும்பாலும் அதன் லான் போர்ட் (வீட்டுக் கருவிகளைக் கேபிளால் இணைக்கும் துளை) 100 எம்பிபிஎஸ்தான், வீடியோ பார்க்க அது போதும்.

கேபிள்

நெட்வேர்க் கேபிளில் கேட்5இ ரகம் போதும். 100 மீற்றர் வரை 1 ஜிபிபிஎஸ் கொண்டுபோகும். கேட்6 இன்னும் தடிப்பு, வளைக்கவும் கனெக்டர் போடவும் கஷ்டம். வீட்டு வேலைக்கு அதற்குக் கூடுதல் காசு கொடுக்கத் தேவையில்லை. கவனிக்க வேண்டியது உள்ளே இருக்கும் உலோகம். மலிவுக் கேபிளில் செம்பு பூசிய அலுமினியம் இருக்கும். உள்வயர் ஒன்றைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள், வெள்ளியாகத் தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இரண்டு மூன்று தரம் வளைத்தாலே முறியும்.

வளவுக்குக் குறுக்கே போவதென்றால் வெளியிடத்துக்கான கறுப்பு உறைக் கேபிள் எடுங்கள். சாம்பல் நிறக் கேபிள் வெயிலில் வெடித்து, மாரியில் தண்ணீர் குடிக்கும். 230 வோல்ட் வயர் போகும் குழாய்க்குள் இதைச் செருகக் கூடாது.

கனெக்டர் போடும்போது கிளிப் கீழேயும் கேபிள் நுழையும் வாய் உங்களை நோக்கியும் இருக்கட்டும். இடமிருந்து வலமாக நிற வரிசை: வெள்ளை-செம்மஞ்சள், செம்மஞ்சள், வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-கபிலம், கபிலம். இரண்டு முனையும் இதேதான். பச்சைச் சோடி நீலத்தின் இரு பக்கமும் பிரிந்து நிற்பதைப் பார்த்து, "ஒரே நிறத்தைப் பக்கத்தில் வைப்போமே" என்று அடுக்குகிறவர்கள் உண்டு. கேபிள் டெஸ்டரில் எட்டு விளக்கும் ஒழுங்காக எரியும், ஆனால் வேகம் வராது. 3ஆம், 6ஆம் பின்கள் ஒரே முறுக்குச் சோடியாக இருக்க வேண்டும். முறுக்கு மாறினால் ஒரு சிக்னல் அடுத்ததற்குள் கசியும். சாதாரண டெஸ்டர் அதைக் காட்டாது. முறுக்கை அவிழ்ப்பதும் 1.3 சென்ரிமீற்றருக்குள் இருக்கட்டும். 1 ஜிபிபிஎஸ்க்கு எட்டு வயரும் வேண்டும். ஜிகாபிட் போர்ட்களுக்கிடையே 100 என்று மட்டும் காட்டினால் நீலமோ கபிலமோ சரியாகக் கடிபடவில்லை.

குருநகர், பருத்தித்துறை மாதிரிக் கடலோரமென்றால் இணைப்பைக் காற்றுப்படாத பெட்டிக்குள் வையுங்கள். உப்புக்காற்று பின்களைப் பச்சையாக்கிவிடும்.

ரவுட்டரைத் திருத்துவது

பெரும்பாலானவர்கள் மாட்டுப்படுவது இங்கேதான். முதலில் முன்வீட்டு ரவுட்டரின் முகவரியைப் பாருங்கள். ஃபோனின் வைஃபை விபரத்தில் 'கேட்வே' என்று இருக்கும். 192.168.1.1 என்று வைத்துக்கொள்வோம். மாஸ்க் (முகவரியில் எந்தப் பகுதி வீட்டுக்குப் பொது என்று சொல்வது) 255.255.255.0 என்றால் முதல் மூன்று எண்களும் வீட்டில் எல்லாக் கருவிக்கும் ஒன்றே; கடைசி எண் மட்டும் 1 முதல் 254 வரை ஆளுக்கொன்று. கேட்வே என்பது வெளியே போகும் படலை. டிஎச்சிபிதான் ஒவ்வொரு கருவிக்கும் முகவரி கொடுத்து, படலை எங்கே என்றும் சொல்கிறது. அதைச் சொல்ல ஒருவர் போதும்.

பழைய ரவுட்டரின் ரீசெட் துளையைப் பத்து விநாடி அழுத்துங்கள். முன்வீட்டோடு இன்னும் தொடுக்காமல், லாப்டொப்பை மட்டும் அதன் லான் போர்டில் குத்தி, லாப்டொப்பில் 'கேட்வே' என்று தெரியும் முகவரியைப் பிரவுசரில் அடித்து உள்ளே போய், இந்த ஒழுங்கில் செய்யுங்கள்:

1. வைஃபை பெயர், கடவுச்சொல், டபிள்யூபிஏ2 பாதுகாப்பு முறை மூன்றையும் கொடுங்கள். நிர்வாகக் கடவுச்சொல்லையும் மாற்றுங்கள்.
2. லான் ஐபியை 192.168.1.2 ஆக்குங்கள். ரவுட்டர் மீண்டும் எழும்பியதும் புதிய முகவரியில் உள்ளே போங்கள்.
3. கடைசியாக டிஎச்சிபியை நிறுத்துங்கள்.

ஒழுங்கை மாற்றி டிஎச்சிபியை முதலில் நிறுத்தினால், லாப்டொப்புக்கு முகவரி கொடுக்க ஆளில்லை. அது தானாக 169.254 என்று தொடங்கும் ஒன்றை எடுத்துக்கொள்ளும், ரவுட்டர் பக்கம் திறக்காது. அப்போது லாப்டொப்புக்குக் கையால் 192.168.1.50 கொடுத்தால் திரும்ப உள்ளே போகலாம் (ரவுட்டரும் 192.168.1 வரிசையில் இருந்தால்). முன்வீட்டு ரவுட்டரில் டிஎச்சிபி 10இலிருந்து தொடங்கட்டும். 2ஐ வேறொரு ஃபோனுக்குக் கொடுத்துவிட்டால் இரண்டும் மோதும். புதிய முகவரியை ரவுட்டரின் முதுகில் எழுதி ஒட்டுங்கள்.

இப்போது முன்வீட்டுக் கேபிளை லான் போர்டில் குத்துங்கள், வேறு நிறத்தில் இருக்கும் வான் போர்டில் (வெளி இணைப்புக்கான துளை) அல்ல. வான் போர்டில் குத்தி, இரண்டு ரவுட்டரும் வேறு வேறு வரிசையில் இருந்தால் இன்டர்நெட் வரும், அதனால்தான் பிழை தெரிவதில்லை. ஆனால் பின்வீடு தனி வலையாகிவிடும். அங்கே வைத்த பிரிண்டரும் சிசிடிவியும் முன்வீட்டுக்குத் தெரியாது. ரவுட்டரில் 'அக்சஸ் பொயின்ட்' என்று ஒரு முறை இருந்தால் அதைத் தெரிவுசெய்யுங்கள், மேலே சொன்ன பாதி வேலையை அதுவே பார்த்துக்கொள்ளும். பெயரும் கடவுச்சொல்லும் இரண்டிலும் ஒன்றாக இருக்கட்டும், 2.4இல் சனல் மட்டும் ஒன்றுக்கு 1, மற்றதுக்கு 11.

வேலை செய்யாவிட்டால்

பின்வீட்டு லாப்டொப்பிலிருந்து மூன்று பிங் (அந்த முகவரி பதில் தருகிறதா என்று பார்க்கும் கட்டளை): 192.168.1.2, பிறகு 192.168.1.1, பிறகு 8.8.8.8. முதலாவது விழுந்தால் வைஃபையோ லாப்டொப்பின் முகவரியோ பிழை. இரண்டாவது விழுந்தால் கேபிள். மூன்றாவது விழுந்தால் வெளி இணைப்பு. மூன்றும் சரி, இணையத்தளம் மட்டும் திறக்கவில்லை என்றால் டிஎன்எஸ் (தளத்தின் பெயரை ஐபி முகவரியாக மாற்றும் சேவை) பிழை. 'இணைந்தது, இன்டர்நெட் இல்லை' என்று சில ஃபோன்களில் மட்டும் வந்தால், இரண்டாவது டிஎச்சிபி இன்னும் உயிரோடு இருக்கிறது. எல்லா விளக்கும் ஒரேயடியாக மின்னி எல்லாமே செத்தால், ஒரே கேபிளின் இரு முனையும் ஒரே ரவுட்டரில் குத்தப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

பிற்சேர்க்கை: கறண்ட் போனால் இரண்டு ரவுட்டருக்கும் மின்சாரம் வேண்டும், ஒன்றுக்கு மட்டும் மினி யூபிஎஸ் வைத்துப் பயனில்லை. அடப்டரில் 9 வோல்ட்டா 12 வோல்ட்டா என்று பார்த்து வாங்குங்கள். ஐப்பசி இடிமழைக்கு, இரண்டு கட்டிடத்துக்கு இடையே போகும் செம்புக் கேபிள் மின்னலுக்கு நல்ல பாதை. வானம் இருட்டும்போதே, இடி தொடங்கமுன், இரண்டு பக்கமும் கழற்றிவிடுங்கள். அது தொல்லையென்றால் அந்த இடைவெளிக்கு மட்டும் ஃபைபர் கேபிளும் இரண்டு மீடியா கொன்வேட்டரும் (செம்புக் கேபிள் சிக்னலை ஒளியாகவும் ஒளியைத் திரும்பச் சிக்னலாகவும் மாற்றும் பெட்டி) போடலாம், கண்ணாடியில் மின்சாரம் ஓடாது.