கர்ப்பிணிக்கு எந்த மீன், எப்போது மாத்திரை: பாம்பன் பக்கத்து அனுபவம்

நான்காம் மாதம் பிறந்ததுமே எங்கள் வீட்டில் மீன் வாங்குவதை நிறுத்திவிட்டார்கள். பிள்ளைக்குக் கரப்பான் வரும் என்பது அத்தையின் பயம். கடலை வாசலில் வைத்துக்கொண்டு ரசமும் அப்பளமுமாக எத்தனை மாதம் ஓட்டுவது? மருத்துவரிடம் கேட்டேன். "மீனை விட வேண்டாம், எந்த மீன் என்று பாருங்கள்" என்றார். அதன்பின் நான் செய்ததை வரிசையாக எழுதுகிறேன். கீரை, பருப்பு, முட்டை எல்லாம் உங்களுக்கே தெரியும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

1. சின்ன மீனாக எடுங்கள்

சாளை, சூடை, நெத்திலி, காரல். பெரிய மீன் சின்னதைத் தின்றே வளர்வதால் பாதரசம் அதன் உடம்பில் சேர்ந்துகொண்டே போகும். வயிற்றுப் பிள்ளையின் மூளை வளர்ச்சிக்கு அது ஆகாது. சுறாவை அடியோடு விடுங்கள். சீலா, பெரிய சூரை எப்போதாவது ஒரு துண்டு போதும். வாரத்தில் 2 அல்லது 3 தடவையாக, மொத்தம் 225 முதல் 340 கிராம் வரை சாப்பிடலாம். நெத்திலியை முள்ளோடு மென்றால் கால்சியமும் கிடைக்கும்.

2. செவுளைத் தூக்கிப் பாருங்கள்

சிவப்பாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தினால் சதை மீண்டு எழ வேண்டும். சாளையின் வயிறு உடைந்திருந்தால் தொடவே வேண்டாம். ஐஸ் இல்லாமல் உச்சி வெயில் வரை கூடையில் கிடந்ததைக் கொதிக்கவைத்தால் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். அதில் உண்டான ஹிஸ்டமின் என்ற ஒவ்வாமைப் பொருள் எந்தக் கொதியிலும் போகாது. முகம் சிவந்து தடிப்பு வரும். கரப்பான் என்று மீன்மேல் போடும் பழியில் ஒரு பங்கு இதனால்தான் என்பது என் எண்ணம்.

3. நன்றாக வேகவிடுங்கள்

சதை நடுமுள்ளை விட்டுத் தானாகக் கழன்று வர வேண்டும். நான் மண்சட்டிக் கட்சி. இறக்கிவைத்த பிறகும் அதில் கொதி அடங்காது. முந்தின நாள் மீன் குழம்புக்கு ருசி அதிகம், மறுக்கவில்லை. இரவெல்லாம் வெளியே இருந்த குழம்பு மட்டும் வேண்டாம்.

4. மாத்திரை நேரம்

நான் சறுக்கிய இடம் இது. ஐந்தாம் மாதம் ரத்தத்தில் ஹீமோகுளோபின் 9.4. கர்ப்பிணிக்கு 11க்குக் குறைந்தால் ரத்தசோகை. ஒரு நாள் விடாமல் மாத்திரை போட்டும் அடுத்த மாதம் 9.5. "போடுகிறாயா, ஜன்னல் வழியாக எறிகிறாயா?" என்று செவிலியர் அக்கா கேட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. பிறகு அவரே, "எதோடு போடுகிறாய்?" என்றார். இரவு இரும்பு மாத்திரை, கால்சியம் மாத்திரை இரண்டையும் உள்ளங்கையில் சேர்த்துவைத்து, ஒரு டம்ளர் பாலில் விழுங்கிக்கொண்டிருந்தேன். கால்சியம் இரும்பை உடம்பில் சேரவிடாது, பாலிலும் அதே கால்சியம்தான். டீயும் இரும்பைச் சேரவிடாது.

மாற்றிய முறை: கால்சியம் காலையிலும் மதியமும் சாப்பாட்டோடு. இரும்பு, இரவுச் சாப்பாடு முடிந்து 2 மணி நேரம் கழித்து, எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரில். மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். இரண்டு மாதத்தில் 10.8க்கு வந்தது.

5. உப்பு

உப்பளத்திலிருந்து நேராக வீட்டுக்கு வரும் கல்லுப்பில் அயோடின் சேர்த்திருக்காது. பாக்கெட்டில் அயோடின் கலந்தது என்று பார்த்து வாங்குங்கள். கருவாடு பிடிக்குமென்றால் ஊறவைத்து, இரண்டு மூன்று தண்ணீரில் அலசி, எப்போதாவது. ரத்த அழுத்தம் இருந்தால் கருவாட்டை மறந்துவிடுங்கள்.

பின்சேர்க்கை: மீன்பிடித் தடைக்காலத்தில் என்ன செய்வது என்று இருவர் கேட்டிருந்தார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நிற்பவை விசைப்படகுகள்தான். நாட்டுப்படகுக்காரர்கள் கரையோரம் பிடிக்கும் சூடையும் காரலும் வரும். விடிந்ததும் போனால் கிடைக்கும்.

இன்னொரு தோழி, பிள்ளை பெற்றபின் பால்சுறாப் புட்டு சாப்பிடலாமா என்று கேட்டார். பாலூட்டும் காலத்திலும் சுறா வேண்டாம் என்பதே அறிவுரை. அத்தையிடம் அதைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை, மருத்துவரைச் சொல்லவைத்தேன். எனக்குக் காரல் சொதி வந்தது. புட்டு எப்படியும் கிண்டப்பட்டது, என் கணவருக்கு.